மீராவை ஏன் யாரும் சந்தேகப்படல?

2020 பிப்ரவரி 28-ல் 'கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்' ரிலீஸ் ஆச்சு. அடுத்த சில வாரத்துலயே கொரோனா வந்து தியேட்டர்களை மூடிட்டாங்க. நம்ம பேட்ச் அப்போ ஸ்கூல்ல, பரீட்சை டென்ஷன்ல இருந்தோம். அதனால நம்மள்ல பல பேர் இதை ஓடிடியிலதான் பார்த்திருப்போம். பார்த்தவங்களைக் கேட்டா "செம ட்விஸ்ட்"னு சொல்வாங்க. பேச்சு அதோட முடிஞ்சிடும். அந்தப் படத்துக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு இன்னும் முழுசா கிடைக்கலங்கிறதுதான் என் கருத்து. (இனிமேல் ஸ்பாய்லர் இருக்கு. பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க.)

கதை சிம்பிள். சித்தார்த், காளீஸ்னு ரெண்டு நண்பர்கள். துல்கர் சல்மானும் ரக்‌ஷனும் நடிச்சிருக்காங்க. ஆன்லைன் ஷாப்பிங்ல இருக்கிற ஓட்டைகளைக் கண்டுபிடிச்சு அதுல காசு பார்க்கிறதுதான் இவங்க தொழில். மீராவையும் ஷ்ரேயாவையும் (ரிது வர்மா, நிரஞ்சனி) பார்த்து காதல்ல விழறாங்க. சேர்த்த பணத்தோட கோவாவுல செட்டில் ஆகலாம்னு கிளம்புறாங்க. அங்க அந்தப் பொண்ணுங்க பணத்தோட காணாமப் போயிடறாங்க. அப்புறம்தான் தெரியுது, அவங்க இவங்களை விடப் பெரிய கில்லாடிகள்னு.

பசங்க ஏமாத்தினது ஒரு சிஸ்டத்தை. அந்த கம்பெனி எதை செக் பண்ணும், எதை செக் பண்ணாதுன்னு தெரிஞ்சு வச்சிருந்தாங்க. பொண்ணுங்க ஏமாத்தினது பசங்களோட நம்பிக்கையை. "ஒரு அழகான, அப்பாவியான பொண்ணை நாமதான் தேடிப்பிடிச்சோம், நாமதான் இம்ப்ரெஸ் பண்ணோம்"னு அவங்க நம்பினாங்க. அவ நம்மளை எடை போட்டிருப்பாளோங்கிற கேள்வியே அவங்களுக்கு வரல. நெட்வொர்க் செக்யூரிட்டி பேப்பர்ல 'சோஷியல் எஞ்சினியரிங்'னு படிச்சோமே, அதேதான் இது. பாஸ்வேர்டை உடைக்கத் தேவையில்ல. எதிர்ல இருக்கிறவன் எதை எதிர்பார்க்கிறானோ அதைக் காட்டினா போதும், ஓடிபியை அவனே சொல்லிடுவான்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. ஏமாந்தது சித்தார்த் மட்டும் இல்ல, நாமளும்தான். தமிழ் சினிமாவுல எத்தனை வருஷமா 'லூசுப் பொண்ணு' ஹீரோயினைப் பார்த்திருக்கோம்! சிரிப்பா, வெட்கப்படுவா, ரெண்டு பாட்டுக்கு வருவா. ஹீரோ பார்த்ததும் காதலிப்பான், அவளும் சரின்னு சொல்லிடுவா. மீரா அப்படி வந்தப்போ நமக்கு எதுவுமே வித்தியாசமா தெரியல. அவளுக்கு சொந்தமா ஒரு திட்டம் இருக்கும்னு நாம யோசிக்கவே இல்ல. டைரக்டர் தேசிங் பெரியசாமி நம்மளோட அந்தப் பழக்கத்தை வச்சே விளையாடியிருக்கார். அதுவும் முதல் படத்துலயே. தமிழ்ல காதலையும் போலீஸையும் ஸ்டைலா காட்டின கௌதம் வாசுதேவ் மேனனைக் கூட்டிட்டு வந்து போலீஸ் ஆபீசரா நடிக்க வச்சதும் அதே குறும்புதான்.

படம் முடிஞ்சதும் வர்ற பேச்சைக் கவனிச்சிருக்கீங்களா? "சித்தார்த் செம பிரெய்ன்டா." "மீரா துரோகி மச்சான், பொண்ணுங்களையே நம்பக்கூடாது." ரெண்டு பேரும் செஞ்சது திருட்டுதான். ஒருத்தனுக்கு அது மூளை, இன்னொருத்திக்கு அது கேரக்டர் சர்டிபிகேட். படம் அந்தக் கணக்கை ஒத்துக்கல. கடைசியில நாலு பேரையும் ஒரே டீமா சேர்த்து வைக்குது. யாரும் மீராவுக்கு அறிவுரை சொல்லித் திருத்தல. காதல் படத்துல இது சின்ன விஷயம் இல்ல.

இதை ஏன் காலேஜ் மேகசின்ல எழுதறேன்? ப்ராஜெக்ட் ரிவ்யூவுல உட்கார்ந்த எந்தப் பொண்ணையும் கேட்டுப் பாருங்க. "நீ டாகுமென்டேஷன் பார்த்தியாம்மா?"ங்கிற கேள்வி எங்களுக்குத்தான் வரும். கோடு எழுதினது யாருன்னு கேட்கிறப்போ பார்வை பக்கத்துல நிக்கிற பையன்கிட்ட போகும். யாரும் கெட்ட எண்ணத்தோட கேட்கிறது இல்ல, அது ஒரு பழக்கம். மீராவை சந்தேகப்படாததும் அதே பழக்கம்தான். அவ நல்லவளா கெட்டவளாங்கிறது வேற விஷயம். அவளுக்கு மூளை இருக்கும்னே யாரும் யோசிக்கலங்கிறதுதான் இங்க கேள்வி.

படத்துல குறையே இல்லையான்னா, இருக்கு. நீளம் கொஞ்சம் அதிகம். ஏமாந்தவங்க பக்கம் கேமரா பெருசா திரும்பவே இல்ல. பெரிய கம்பெனிக்கு நஷ்டம் வந்தா சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா அந்த நஷ்டம் கடைசியில எந்த ஊழியர் தலையில விழும்னு படம் கேட்கல. ஆன்லைன் மோசடியில பணத்தைத் தொலைச்சவங்க நம்ம வீட்டுப் பக்கமே இருக்காங்க. அவங்களால இந்தக் காட்சிகளை ஜாலியா ரசிக்க முடியாது. அந்தக் கோபம் நியாயமானது.

இருந்தாலும் வீக்எண்டுல இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. ட்விஸ்ட் தெரிஞ்சிருச்சேன்னு கவலைப்படாதீங்க. இந்தத் தடவை சித்தார்த்தை விட்டுட்டு, முதல் பாதி முழுக்க மீராவை மட்டும் கவனிங்க. பாட்டுக்கு நடுவுல வந்துட்டுப் போற பொண்ணுன்னு நினைச்ச ஆள் அங்க வேலை பார்த்துட்டு இருக்கிறது தெரியும்.