மறக்கிறதுக்கு மூளை வேணுமே!

மார்பகப் புற்றுக்குக் கீமோ ஏற்றிக்கொண்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கு மறதி வருகிறது. சொல் நாக்கு நுனியிலேயே நின்றுவிடுகிறது, கணக்கு நழுவுகிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 1998ல் கணக்கெடுத்தார்கள்: அதிக அளவு மருந்து பெற்றவர்களில் 32 சதவீதம், வழக்கமான அளவு பெற்றவர்களில் 17, கீமோவே ஏற்றாத நோயாளிகளில் 9. அங்கேயும் பெண்கள் சொன்னதை வெறும் மனக்கவலை என்றுதான் முதலில் தள்ளினார்கள். வெள்ளைக்காரிக்கே அந்தக் கதி. தொட்டியத்துச் சேரிக்காரிக்கு?

எங்க அத்தை காவிரிக்கரை வாழைக்கொல்லைகளில் களையெடுக்கவும் இலை எண்ணிக் கட்டவும் போனவர். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். எந்தக் கொல்லைக்காரன் எத்தனை நாள் கூலி பாக்கி, குழுக் கடனில் எத்தனை தவணை மிச்சம், எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. மருந்துதான் உயிரைக் காப்பாத்துச்சு, மறுக்கவில்லை. ஆனால் ஊசிகளுக்கப்புறம் இலை எண்ணும்போதே எண்ணிக்கை பாதியில் அறுந்துபோகிறது. "மறந்துபோச்சுங்க" என்றால் கொல்லைக்காரன் சிரிக்கிறான்: "மறக்கிறதுக்கு மூளை வேணுமே!" சிரித்துக்கொண்டே பாக்கியில் நாலு நாளைக் குறைக்கிறான். ஆஸ்பத்திரியில் சொன்னால், "படிக்காதவங்க, அப்படித்தான் இருக்கும்." தோழர்களே, இரண்டும் ஒரே பேச்சுத்தான். ஒன்று வரப்பில் நின்று பேசுகிறது, மற்றது வெள்ளைக்கோட்டு போட்டுக்கொண்டு.

சோதனைகளையும் பாருங்கள். 2011ல் சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தவற்றில் ஒன்று எண்ணையும் எழுத்தையும் மாறிமாறிக் கோட்டால் இணைக்கச் சொல்கிறது. இன்னொன்று, குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்கிறது. எழுத்தை எங்களுக்கு மறுத்தவர்கள், எழுத்தை வைத்தே எங்கள் மூளையை அளப்பார்களாம்! வேறு வழி இல்லாமலில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2004ல் கொண்டுவந்த சோதனைத் தொகுப்பில் எழுத்தறியாதவர்களுக்கும் அளவு உண்டு. வழி இருந்தும் எங்கள் ஆட்களிடம் யாரும் கேட்பதில்லை. 2016ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. கீமோ தந்த மறதிக்கு அதில் தனி இடம் கிடையாது.

நம்ம இயக்கத்தையும் விடுவதற்கில்லை. உடல் அரசியல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். சேரிப் பெண்ணின் நினைவு அவளுடைய உழைப்புக் கருவி, அவளுடைய கணக்குப் புத்தகம் என்று எத்தனை பேர் எழுதினோம்? அது களவு போனால் கூலியும் சேர்ந்து களவு போகிறது.

கீமோவுக்கு முன்னால் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை, அவள் பேசுகிற தமிழில், அவள் செய்கிற வேலையை வைத்துக் கேளுங்கள். பட்டதாரியோடு ஒப்பிடாதீர்கள், நேற்றைய அவளோடு ஒப்பிடுங்கள். இது அரசு மருத்துவமனைகளுக்கு. திருச்சியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது: ஊருக்கு வரும்போது ஒரு நோட்டு வாங்கி வாருங்கள். அத்தை மாதிரியான பெண்களின் கூலிக் கணக்கை அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். கொல்லைக்காரனிடம் பாக்கி கேட்கப் போகும்போது கூடப் போய் நில்லுங்கள்.