தமிழர் என்றால் இந்து மட்டுமா?

"நீங்க தமிழா, கிறிஸ்துவரா?"

பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரத்திலிருந்து இந்த மூன்றாம் ஆண்டு வரை என்னைத் தொடர்ந்து வரும் கேள்வி இது. "இன்றைக்கு வெயிலா, செவ்வாய்க்கிழமையா?" என்று யாராவது கேட்பார்களா? கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. மொழியையும் மதத்தையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பழகியதற்குக் காரணமும் உண்டு. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களுள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்கள். கிறிஸ்துவர்கள் 6 விழுக்காட்டினர். பெரும்பான்மையினரின் பழக்கம் பொதுப் பழக்கமாகிவிடுவது இயல்புதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் சரசுவதி பூசைச் சுண்டலை வரிசையில் நின்று வாங்கித் தின்றவன் நான். என் தோழர்களும் கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டு முறுக்கைத் தீர்த்துவிட்டுத்தான் போவார்கள். தேசிய இடைநிலைப்பள்ளியிலும் சிக்கலில்லை. மலாய் நண்பர்கள் இஸ்லாமியக் கல்விக்கு எழுந்து போக, மற்ற நாங்கள் எல்லாரும் நன்னெறிக் கல்விக்கு ஒன்றாக அமர்ந்திருந்தோம். அங்கே நான் இந்தியன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கேள்வி எழுந்தது தமிழுக்காகக் கூடும் இடத்தில்தான்!

ஒரு விழாவுக்கு அறிவிப்பாளராக என் பெயர் முன்மொழியப்பட்டபோது, "பெயர் தமிழாக இல்லையே" என்றார் ஒருவர். அவருடைய பெயர் தூய வடமொழி என்பதை நான் அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சேவியர் தனிநாயகம் அடிகளை எங்கே நிறுத்துவது? கத்தோலிக்கக் குருவான அவர் 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் அவருடைய உழைப்பால்தான். அவ்வளவு ஏன், நம் நிகழ்ச்சிகளில் எழுந்து நின்று பாடுகிறோமே தமிழ் வாழ்த்து, அதை இயற்றியவர் இறையருட்கவிஞர் சீனி நைனா முகம்மது. அவர் பெயரைக் கேட்டு யாரும் உட்கார்ந்துவிடுவதில்லை.

மற்றவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. பொங்கல் வைக்காதே, கோலம் போடாதே, பூ வைக்காதே என்று எங்கள் பக்கத்திலேயே சில போதகர்கள் பட்டியல் போடுகிறார்கள். உழவன் கதிரவனுக்கு நன்றி சொன்னால் எந்தக் கடவுள் கோபித்துக்கொள்வார்? கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் பொங்கல் திருப்பலியே நடக்கிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. எங்கள் ஆலயத்தில் என் வயதுப் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பாடல்களை ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதவாசகத்தைத் தமிழில் தடங்கலின்றி வாசிக்க எங்களில் மூவர்தான் இருக்கிறோம். மூவரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். மற்றவர்கள் மெல்ல ஆங்கில ஆராதனைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ் மேடை "நீ வேறு" என்கிறது. போதகர் "தமிழ்ப் பண்பாடு வேறு" என்கிறார். இப்படி இரண்டு பக்கமும் தள்ளினால் அந்த 6 விழுக்காட்டுப் பெற்றோர் எதற்காகத் தம் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்க வேண்டும்? மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று பட்டிமன்றம் நடத்தும் நாம் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

குத்துவிளக்கு ஏற்றுங்கள், சிலுவை பொருத்திய குத்துவிளக்கு எங்கள் ஆலயங்களிலும் எரிகிறது. தேவாரம் பாடுங்கள், தமிழனாகக் கேட்டு மகிழ்கிறேன். ஆனால் அதை அறிவிக்கும்போது 'சைவ மரபு' என்று சொல்லுங்கள். 'தமிழர் மரபு' என்று மொத்தமாகச் சொல்லி என்னை வெளியே நிறுத்தாதீர்கள். அடுத்த ஆண்டு விழாவில் அதனோடு சீறாப்புராணத்திலிருந்து ஒரு பாடலும் தேம்பாவணியிலிருந்து ஒரு பாடலும் சேர்க்கலாமே! சீறா பாட முதலாம் ஆண்டில் ஒரு தம்பி இருக்கிறார். தேம்பாவணிக்கு நான் வருகிறேன்.