ஸ்வாப்: கையெழுத்துப் பிரதிகளுக்கு ஒரு பெட்டி

லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ முற்படும் எவரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஸ்வாப் என்ற சொல்லை எதிர்கொள்கிறார். வன்தட்டில் ஒரு பகுதியை நினைவகத்தின் உபயோகத்திற்கென்று ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு அது. எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. நினைவகத்தைப் போல இரு மடங்கு என்பது பழைய பதில். 16 ஜிபி நினைவகம் இருக்கையில் ஸ்வாப்பே வேண்டாம் என்பது புதிய பதில். இரண்டுமே யோசிக்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகச் சொல்லப்படுபவை என்பது நம் கருத்து.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை இருக்க முடியும் என்று கேட்கலாம். எழுதுவது, மெய்ப்புப் பார்ப்பது, பழைய நூல்களை மின்வருடுவது எல்லாம் இன்று கணினியில்தான் நடக்கின்றன. சேமிக்கப்படும் வரை ஒரு கட்டுரையின் கடைசிப் பத்திகள் நினைவகத்தில் மட்டுமே உயிர்வாழ்கின்றன. இடம் போதாமல் போகும்போது எது வெளியேற வேண்டும் என்பதை யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தில் நமக்கும் ஒரு குரல் வேண்டாமா?

இந்த ஏற்பாட்டின் வேர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1962 டிசம்பரில் அங்கு தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியின் வேகமான நினைவகத்தில் 16,384 சொற்களுக்கே இடமிருந்தது. சொல் என்பது இங்கே 48 பிட்டுகள் கொண்ட ஓர் அலகு. மெதுவாக இயங்கும் காந்த உருளைகளிலோ 98,304 சொற்கள் கொள்ளும். அதுவரை எந்தத் துண்டை எப்போது உள்ளே கொண்டுவருவது, எதை வெளியே அனுப்புவது என்பதையெல்லாம் நிரல் எழுதுபவரே திட்டமிட வேண்டியிருந்தது. டாம் கில்பர்னும் அவருடைய சகாக்களும் அந்தச் சுமையை இயந்திரத்திடமே ஒப்படைத்தார்கள். இரண்டு சேமிப்பிடங்களும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகமாக நிரலுக்குத் தோற்றமளித்தன. உள்ளும் வெளியும் நகர்ந்த துண்டு ஒவ்வொன்றும் 512 சொற்கள் கொண்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பக்கம்'. நம்மில் பலரிடம் உள்ள கணினிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4,096 பைட்டுகள். பெயர் மாறவில்லை.

எல்லாப் பக்கங்களும் ஒரே தன்மை கொண்டவை அல்ல என்பதுதான் இந்த விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் உண்மை. ஒரு வகைப் பக்கங்களுக்கு வன்தட்டில் மூலப்படி உண்டு. உலாவியின் நிரல், எழுத்துருக்கள், படித்துக்கொண்டிருக்கும் கோப்பு ஆகியவை இவ்வகை. மாற்றம் எதுவும் செய்யப்படாத வரை இவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, தேவைப்படும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம். இன்னொரு வகைக்கு மூலப்படியே கிடையாது. நிரல்கள் இயங்கும்போது தமக்கென்று உருவாக்கிக்கொள்ளும் தரவுகள் அவை. நாம் தட்டச்சு செய்து இன்னும் சேமிக்காத வரிகளும் அவற்றில் அடக்கம்.

முதல் வகையை அச்சுப் புத்தகம் என்றும் இரண்டாவதைக் கையெழுத்துப் பிரதி என்றும் கொள்வோம். மேசையில் இடமில்லையென்றால் புத்தகத்தை நூலகத்திற்குத் திருப்பி அனுப்பிவிட்டு நாளை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் பிரதியை அப்படி அனுப்ப முடியாது. அதை வைக்க ஒரு டிரங்குப் பெட்டி வேண்டும். ஸ்வாப் அந்தப் பெட்டி.

பெட்டியே வேண்டாம் என்பவர்களின் மேசையில் என்ன நடக்கும்? காலையில் ஒருமுறை தொட்டு, பிறகு திரும்பிப் பார்க்காத கையெழுத்துப் பிரதிகள் அசையாமல் கிடக்கும். இந்த நிமிடம் படித்துக்கொண்டிருக்கும் புத்தகம் வெளியே போகும், உடனே திரும்பி வரும், மறுபடியும் போகும். ஸ்வாப்பை நிறுத்திவிட்டால் வன்தட்டுக்கு ஓய்வு கிடைக்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் தகர்கிறது. கடைசியில் லினக்ஸ் கர்னல் தன் இறுதி ஆயுதத்தை எடுக்கிறது. ஓஓஎம் கில்லர் என்று அதற்குப் பெயர். அதிக நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரலைத் தேடி அது கொன்றுவிடும். உலாவியிலேயே கட்டுரை எழுதும் பழக்கமுள்ளவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. தள்ளாடிக்கொண்டு உயிர்வாழ்வதைவிடச் சட்டென்று விழுந்துவிடுவது மேல் என்கிறார்கள் பெரிய சேவையகக் கூட்டங்களை நிர்வகிப்பவர்கள். குபர்நெடிஸ் மென்பொருள் பல ஆண்டுகள் ஸ்வாப்பை அணைத்து வைக்கும்படி கோரியது. 2021ல்தான் சோதனை முறையில் அதற்கு இடம் கொடுத்தது. ஓர் இயந்திரம் விழுந்தால் அதன் வேலையை இன்னொன்று ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அந்த வாதம் செல்லும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் மேசையில் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி.

அப்படியென்றால் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதா? இல்லை. நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகிறது. சுழலும் வன்தட்டுக்கு ஏறத்தாழ 10 மில்லி விநாடி வேண்டும். முன்னது ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் பின்னது ஒரு நாளையும் தாண்டிவிடும். எஸ்எஸ்டி என்றாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நிரல் அந்தந்தக் கணத்தில் உண்மையாகவே புழங்கும் பக்கங்களின் தொகுதியை 1968ல் பீட்டர் டென்னிங் வரையறுத்துக் காட்டினார். அந்தத் தொகுதி நினைவகத்தில் அடங்காவிட்டால், வேலை செய்வதைவிடப் பக்கங்களைச் சுமந்து திரிவதிலேயே கணினியின் பொழுது கழியும். ஸ்வாப் எத்தனை ஜிபி இருந்தாலும் அது தீராது. பெட்டி ஒருபோதும் மேசையாகிவிடாது.

இரு மடங்கு என்ற விதிக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2001ல் வெளிவந்த லினக்ஸ் 2.4 கர்னலின் தொடக்கப் பதிப்புகளில், ஒரு பக்கம் நினைவகத்திற்குத் திரும்பி வந்த பிறகும் ஸ்வாப்பில் அதன் இடம் காலியாகாது. எனவே இரு மடங்கு இல்லாமல் ஸ்வாப்பினால் பெரிய பயன் விளையவில்லை. காரணம் மறைந்துவிட்டது, விதி மட்டும் நிலைத்துவிட்டது. 16 ஜிபி கணினியில் 32 ஜிபி ஸ்வாப் நிரம்பும் முன்பே அதன் முன்னால் அமர்ந்திருப்பவர் பொறுமை இழந்து மின்சாரத்தைத் துண்டித்திருப்பார்.

நாம் பரிந்துரைப்பது இதுதான். சாதாரண எழுத்து வேலைக்கான கணினியில் 2 முதல் 4 ஜிபி ஸ்வாப் வைத்துக்கொள்ளுங்கள். நினைவகம் முழுவதையும் வட்டில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்நேட் வசதி வேண்டுமென்றால் மட்டும் நினைவகத்தின் அளவுக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். இதற்கெனத் தனிப் பகிர்வு தேவையில்லை, ஒரு கோப்பே போதும். நினைவகம் மிகக் குறைந்த பழைய கணினிகளுக்கு இசட்ரேம் கைகொடுக்கும். பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல், சுருக்கி நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் முறை அது. 2020ல் வெளியான ஃபெடோரா 33 இதையே இயல்பான ஏற்பாடாக ஆக்கிக்கொண்டது.

ஸ்வாப்பினெஸ் என்ற எண்ணைக் குறித்தும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. அதன் இயல்பான மதிப்பு 60. நினைவகம் இத்தனை சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அப்படி அல்ல. புத்தகத்தை அனுப்பி எடுப்பதற்கும் கையெழுத்துப் பிரதியைப் பெட்டியில் வைத்து எடுப்பதற்கும் ஆகும் செலவை ஒப்பிட்டுக் கர்னலுக்கு நாம் தரும் குறிப்பு அது. 100 என்றால் இரண்டும் சமம். 2020ல் வந்த 5.8 கர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம்.

ஸ்வாப்பில் ஏதோ இருக்கிறது என்று கண்டு பதற வேண்டியதில்லை. பெட்டி நிறைந்திருப்பது குற்றமல்ல. அதை ஓயாமல் திறந்து மூடுவதுதான் நோய். விஎம்ஸ்டாட் கட்டளை காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரு பத்திகளில் எண்கள் விடாமல் ஓடினால் நினைவகம் போதவில்லை என்று பொருள்.

பெட்டிக்குப் பூட்டும் அவசியம். நினைவகம் மின்சாரம் போனால் மறந்துவிடும், ஸ்வாப் மறக்காது. கடவுச்சொற்களும் யாருக்கும் காட்ட விரும்பாத கடிதங்களும் அங்கே எஞ்சி நிற்கக்கூடும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2005லேயே ஸ்வாப்பை மறையாக்கம் செய்வதை இயல்பாக்கிவிட்டது. லினக்ஸில் நிறுவும்போதே முழு வட்டையும் மறையாக்கம் செய்துவிட்டால் ஸ்வாப்பும் அதற்குள் அடங்கும்.

நிறுவும் நிரல் கேட்கும் அந்த ஒரு கேள்விக்குப் பழைய விதியையோ புதிய அலட்சியத்தையோ பதிலாகத் தராதீர்கள். உங்கள் மேசையின் அளவையும் அதன்மேல் மூலப்படியின்றிக் கிடக்கும் தாள்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவற்றுக்குப் போதுமான ஒரு பெட்டி இருந்தால் போதும்.