விளையாட்டு நேரத்தைப் பறிக்கலாமா?

இந்தியாவில் 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வு 2019-ல் தெரிவித்தது. அந்த ஸ்தாபனம் கேட்பது சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும்தான்.

உழைக்கும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. இன்சுலினும் செவ்வனே வேலை செய்கிறது. உட்கார்ந்தே இருந்தால் இன்சுலினின் பலன் குறைகிறது. நடுத்தர வயதின் நோய் எனக் கருதப்பட்ட நீரிழிவு இளம் வயதிலேயே எட்டிப் பார்க்கிறது.

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பீரியட் விளையாட்டுக்கு என 2018-ல் சி.பி.எஸ்.இ. உத்தரவிட்டது. ஆனால், பெங்களூரில் மைதானமே இல்லாத பள்ளிகள் பல. மைதானம் இருந்தாலும், பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார், பெற்றோரும் மகிழ்கின்றனர். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தை வீடே நிறுத்திவிடுகிறது.

மாநகராட்சி மைதானங்களை இத்தகைய பள்ளிகளுக்குக் காலை வேளையில் திறந்துவிட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல், விளையாட்டு வகுப்பு நடந்ததா என்றும் கேட்க வேண்டும். மதிப்பெண் குறைந்தால் மறுதேர்வு உண்டு. உடல்நலத்துக்கு அது கிடையாது.