ஆளில்லாத கரையைத் தேடுகிறவர்களுக்கு



விடியற்காலை தோறும் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேரும் வசன அட்டைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். மேலே ஒரு திருவசனம். பின்னணியில் ஆளரவமற்ற ஒரு கடற்கரை. பெரும்பாலும் அது நம் நாட்டுக் கரையன்று. அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் சிறு துறையாக இருக்கும்: கூழாங்கற்கள், பசும்புல் மூடிய குன்று, சாம்பல் நிற வானம். மனிதர் ஒருவரும் அதில் இரார். இருந்தால் அமைதி கெட்டுவிடும் என்று எண்ணுகிறார்கள் போலும். அந்தப் படங்களோடு எனக்குப் பகையில்லை. ஆயினும் அவை நமக்கு ஓசையின்றிக் கற்பித்துவரும் ஒரு பாடத்தை மறுக்கவே இவ்வாரம் எழுதுகிறேன். தேவன் ஆளில்லாத கரையில்தான் பேசுவார் என்பதே அந்தப் பாடம்.

நம் சபைகள் அதை நன்றாகவே கற்றுக்கொண்டன. தனித்தியான முகாம் என்றவுடன் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வேன் பேசுகிறோம். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழ்கிறவர்களும் அப்படியே செய்கிறோம். தெருமுனையில் இரையும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெற்கே நெடுந்தொலைவு சென்று, அதே வங்கக் கடலை வாடகை கொடுத்துப் பார்க்கிறோம். ஏன் என்று கேட்டால், "இங்கே பீச் எங்கே இருக்கிறது, ஐயா?" என்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வேனில் ஏறிவிடக் கூடாது. பதில் தெரிகிற வரையில் நிற்க வேண்டும்.

இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழில் வழங்கும் பெயர். இராயபுரம் அவருடைய பெயரால் அமைந்தது என்பர். அங்குள்ள தூய பேதுரு ஆலயத்தைக் கட்டியவர்கள் படகோட்டிகள். துறைமுகம் இல்லாத அந்நாளில், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கையும் பயணிகளையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, அலை உடையும் இடத்தைக் கடந்து கரை சேர்த்தவர்கள் அவர்களே. 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் நீண்ட மதில்கள் எழுந்தன. 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். படகோட்டியின் பிழைப்பு போயிற்று. அதனோடு மணலும் போயிற்று.

மணல் எப்படிப் போகும் என்று வியக்காதீர்கள். நம் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன; வடகிழக்குப் பருவத்தில் ஒரு பங்கு தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. துறைமுக மதில் அந்த வழியை மறித்தது. வடக்கே செல்ல வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. நாம் பெருமையோடு காட்டும் மெரினா அதனால் அகன்றது. தேங்கிய மணல் துறைமுகத்தின் கிழக்கு வாயிலையே அடைக்கத் தொடங்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயிலை வடகிழக்குக்கு மாற்றினார்கள். மதிலுக்கு வடக்கே வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தெருக்கள், வீடுகள், தோப்புகள் என ஒன்றன்பின் ஒன்றாய் உள்ளே போயின. உங்கள் மெரினா மாலைநடையில் காலுக்கடியில் நெகிழும் மணலில் ஒரு பங்கு இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் சேர வேண்டியது. ஒற்றி என்ற சொல்லுக்கு அடமானம் என்ற பொருளும் உண்டு. இவ்வூர்ப் பெயருக்குத் தலபுராணம் சொல்லும் விளக்கம் வேறு. ஆனால் கடலோரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அடமானம் என்ற பொருளே முதலில் நினைவுக்கு வரும்.

இன்று அங்கே இருப்பது கல். எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிக் கருங்கற்கள் கொட்டிக் கிடக்கின்றன. கடலுக்குள் தூண்டில் வளைவுகள் நீள்கின்றன. இரண்டு வளைவுகளுக்கிடையே சில இடங்களில் சிறிது மணல் சேர்ந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஃபைபர் படகுகளை இழுத்து வைக்கலாம், அவ்வளவே. ஒருபுறம் கல், மறுபுறம் கல், பின்னால் கண்டெய்னர் லாரிகள். ஒதுங்கிக் கிடக்கும் சிறு கற்கரை வேண்டும் என்றீர்களே, இதோ இருக்கிறது. அயர்லாந்தின் கற்களைக் கடல் உருட்டி மெருகேற்றிற்று; இந்தக் கற்கள் வெடிவைத்துப் பிளந்து லாரியில் வந்தவை, இன்னும் கூர் மழுங்காதவை. கரைவலை இழுக்க மணல் வேண்டும். கல்மேல் நின்று அதை இழுக்க முடியாது.

இங்கே நீங்கள் என்னை மறிப்பீர்கள். ஆண்டவரும் தனிமையான இடத்துக்குச் சென்றாரே என்பீர்கள். ஆம், சென்றார். மத்தேயு 14ஆம் அதிகாரத்தைத் திறந்து, 13ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் மேலே படியுங்கள். யோவான் கொல்லப்பட்ட செய்தி கேட்டுப் படகேறித் தனியே போகிறார். ஜனங்கள் கால்நடையாய் அவருக்கு முன்னே வந்து நிற்கிறார்கள். துக்கத்தோடு தனிமை நாடி வந்தவர் அவர்களைக் கண்டு மனதுருகினார். "என் அமைதி கெட்டது" என்று முகம் சுளிக்கவில்லை. நோயாளிகளைக் குணமாக்கினார், பசித்தவர்களுக்கு உணவளித்தார், அதன் பிறகே ஜெபிக்க மலையேறினார். நம் தியான முகாம்களோ 13ஆம் வசனத்திலேயே நிரந்தரமாகக் கூடாரமிட்டுவிட்டன. உயிர்த்தெழுந்த பின்பும் அவர் திபேரியாக் கடற்கரையில் வலை இழுத்துக் களைத்தவர்களுக்காகக் கரிநெருப்பு மூட்டி மீன் வாட்டினார். மீன் வாடை இல்லாத கரையில்தான் அவரைச் சந்திப்போம் என்று நாம் எப்படித் தீர்மானித்தோம்?

அயர்லாந்துத் துறவிகளை எடுத்துக்காட்டும் அன்பர்களுக்கும் ஒரு சொல். தென்மேற்கு அயர்லாந்துக்கு அப்பால் ஸ்கெல்லிக் மைக்கேல் என்னும் பாறைத்தீவில் அவர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது உண்மை. 1996இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் அவர்கள் சென்றது வார இறுதிக்காக அன்று. நூற்றுக்கணக்கான படிகளை அமைத்தார்கள். சாந்தின்றிக் கல்லடுக்கிக் கூண்டுக் குடில்கள் எழுப்பினார்கள். பாறையில் மண் சேர்த்துக் கீரை விளைத்தார்கள். அந்தக் கல்லுக்கு உழைப்பைக் கொடுத்துவிட்டுத்தான் அதன்மேல் முழங்காலிட்டார்கள். இந்த முன்மாதிரியை முழுமையாகப் பின்பற்ற யாரேனும் முன்வந்தால் நான் வாய் திறவேன்.

களைத்தவர் ஓய்வெடுக்கட்டும். இரவுப்பணி முடித்த தொழிலாளியும் வீட்டுச் சுமையில் நசுங்கிய தாயும் இரண்டு நாள் எங்கேனும் போய்க் காற்றாடுவதை நான் குறை கூறவில்லை. ஓய்வை ஓய்வு என்றே சொல்லிச் செல்லுங்கள். அதற்கு தேவ பிரசன்னம் என்று பெயர் சூட்டி, நம் வாசற்படியில் இருக்கும் கடலை தேவன் கைவிட்ட இடம்போல் பேசுவதையே எதிர்க்கிறேன்.

"அங்கே மூச்சு விட முடியாதே" என்கிறீர்கள். உண்மைதான். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் வாளிகளால் கசடை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் கருப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு, பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஆழிப்பேரலை வந்துபோய் சரியாகப் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த அந்த நாளில், மக்கள் மறுபடியும் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையை விட்டு ஓடினார்கள். அவர்களும் மூச்சு விடுகிறவர்கள்தாம். வேனில் ஏறி அவர்கள் எங்கே போவார்கள்?

ஆலை விரிவாக்கத்துக்கும் துறைமுக விரிவாக்கத்துக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும்படி 2006ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று வழிவகுத்திருக்கிறது. நாளிதழில் விளம்பரம் வரும், பந்தல் போடுவார்கள், மேசையில் ஒலிவாங்கி இருக்கும். மீனவப் பெண்கள் அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து பேசுவார்கள். உங்கள் சபையிலிருந்து எத்தனை பேர் அங்கே போயிருக்கிறீர்கள்? முகாமுக்குப் பதிவேடு வைத்திருக்கிறோம், கட்டணம் வாங்குகிறோம், வராதவர்களை விசாரிக்கிறோம். இதற்குப் பதிவேடு உண்டா?

முகாம் தேதியைக் குறிப்பதற்கு முன் ஒரு விடியற்காலை அந்தக் கற்கரைக்குப் போய்வாருங்கள். மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் நடக்கும் தொலைவுதான். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கும் ஊர் அது. உடைமை துறப்பதைப் பற்றி அவர் அறிந்ததில் பாதியை நாம் அறிந்திருந்தால் போதும். சாலையைக் கடக்கையில் லாரிகளைப் பார்த்துக் கடவுங்கள். பாசி படிந்த கல் வழுக்கும். பிள்ளைகளை ஏற விடாதீர்கள். படம் எடுப்பதற்கு முன் அங்கிருப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள். வலை பின்னும் முதியவர் எவரேனும் இருந்து, அவருக்குப் பேச மனமும் இருந்தால், அவருடைய சிறுவயதில் கரை எதுவரை இருந்தது என்று கேளுங்கள். அவர் கை நீட்டிக் காட்டுவார். அந்த விரல் கடலுக்குள் எவ்வளவு தூரம் சுட்டுகிறது என்று பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.