அரிசிக்கும் அந்தஸ்துக்கும் என்ன சம்பந்தம்?

"மாநில அந்தஸ்து வந்தால் மந்திரிகளுக்கு அதிகாரம் கூடும். நமக்கு என்ன வரும்? அரிசி வருமா?"

முதலியார்பேட்டை டீக்கடை பெஞ்சியில் இப்படி ஒரு தொழிலாளி கேட்டால் நாம் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை 2020இல் மூடப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். வயிற்றிலிருந்து வருகிற கேள்விக்கு வயிற்றைத் தொட்டே பதில் சொல்வோம்.

ஆம், அரிசிக்கும் அந்தஸ்துக்கும் சம்பந்தம் உண்டு!

மூட்டையை மறித்தது யார்?

2019இல் புதுவை மந்திரிசபை, ஏழைகளுக்கு இலவச அரிசியை அரிசியாகவே தர வேண்டும் என்றது. லெப்டினெண்ட் கவர்னர் கிரண் பேடி, பணமாகத்தான் தர வேண்டும் என்றார். தகராறு டில்லிக்குப் போயிற்று. டில்லி கவர்னர் பக்கம் நின்றது. முதலமைச்சர் நாராயணசாமி ஹைகோர்ட்டுக்குப் போனார். 2020இல் அங்கும் தோல்வி. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024 தீபாவளியை ஒட்டித்தான் அவை மீண்டும் திறந்தன.

பணம் நல்லதா, அரிசி நல்லதா என்று வாதாடலாம். ஆனால் முடிவு செய்ய வேண்டியவர் யார்? ஓட்டு வாங்கிய மந்திரிசபையா, ஓட்டே வாங்காத கவர்னரா? கடைவீதியில் விலை ஏறும்போது பாங்கிக் கணக்கில் விழும் பணம் சுருங்கும்; பத்துக் கிலோ அரிசி பத்துக் கிலோவாகவே இருக்கும். இது குடும்பம் நடத்தும் தாய்மாருக்குத் தெரியும். ஆனால் அவர்கள் ஓட்டுப் போட்டு அமைத்த மந்திரிசபைக்கு ஓர் அரிசி மூட்டையை இறக்கும் அதிகாரம் இல்லை!

மூன்று பேரின் பலம்

1963ஆம் ஆண்டுச் சட்டப்படி புதுவைச் சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 30 பேர். மத்திய சர்க்கார் நியமிக்கக் கூடியவர்கள் 3 பேர். மந்திரிசபையைக் கேட்காமலே நியமிக்கலாம், அவர்கள் ஓட்டும் போடலாம் என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது.

விளைவு என்ன? 2021 பிப்ரவரி 22ஆம் தேதியைப் பாருங்கள். சபையில் ஆளும் தரப்பு சபாநாயகரையும் சேர்த்து 12. எதிர்த் தரப்பில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 11. நியமன உறுப்பினர் மூவர் சேர்ந்ததும் அது 14 ஆயிற்று. சர்க்கார் கவிழ்ந்தது.

ஒன்றை மறைக்க வேண்டாம். ஆளும் வரிசையிலிருந்து சிலர் ராஜினாமா செய்து ஓடியதால்தான் 12 என்ற நிலை வந்தது. ஓட்டுப் போட்ட மக்களை விட்டு ஓடியவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். நியமன மூவர் உள்ளே வந்து கணக்கை முடித்தார்கள்.

அதே ஆண்டு மே மாதம் ரங்கசாமி முதலமைச்சர் ஆனார். சில நாட்களுக்குள், அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, டில்லி மீண்டும் மூவரை நியமித்தது. கூட்டாளிக்கே இந்த மரியாதை!

வரிக்கு மாநிலம், பங்குக்கு?

ஜி.எஸ்.டி. வசூலிக்கும்போது புதுவை மாநிலமாக எண்ணப்படுகிறது. நிதிக் கமிஷன் மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் பந்தியில் மட்டும் புதுவைக்கு இலை இல்லை. கையேந்தும் நிலையில் உள்ள சர்க்கார், மூடிய ஆலையை எதைக் கொண்டு திறக்கும்?

1936 ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலையில் பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிக்கு 12 தொழிலாளர்கள் பலியானார்கள். தோழர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பலனாக 1937இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் கிடைத்தது. பாரிசிடமிருந்து உரிமை வாங்கிய ஊர் இது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஓட்டளித்தார்கள். இன்னோர் எஜமானனைத் தேடி அல்ல, தம்மைத் தாமே ஆளத்தான் ஓட்டளித்தார்கள்.

மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. காகிதம் டில்லிக்குப் போகிறது, தூங்குகிறது. தீர்மானம் மட்டும் போதாது என்பதே இதன் பாடம்.

ஆகவே தோழர்களே, அந்த டீக்கடை பெஞ்சிக்குத் திரும்பிப் போவோம். ரேஷன் கடையையும், மூடிய ஆலையையும், நியமன மூவரையும் ஒரே மூச்சில் பேசுவோம். அந்தஸ்து என்பது மந்திரியின் நாற்காலி அல்ல, நம் வீட்டு உலை என்று தொழிலாளி உணரும் நாளில், டில்லியில் தூங்கும் காகிதம் விழித்துக்கொள்ளும்!