வேன் கட்டணமும் நம் நியாயமும்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பள்ளி வேன் கட்டணம் உயரும்போதெல்லாம் ஒரு முணுமுணுப்பும் உடன் எழுகிறது. "இத்தனை வருசமா நம்ம பிள்ளைகளை ஏத்துறவரு, நம்மகிட்டயே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். பழகியவர் விலையை உயர்த்தினால் அது துரோகம் போலத் தோன்றுகிறது. இந்த எண்ணம் சரியா என்பதை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

நமக்கு ஊதிய உயர்வு எப்படி வருகிறது? அரசு ஆசிரியர்களுக்கு 2024 டிசம்பரில் முதற்கட்டமாகவும் 2026 ஜனவரியில் இரண்டாம் கட்டமாகவும் சம்பளம் உயர்ந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2022-இல் 1,500 ஆகவும் 2025-இல் 1,700 ஆகவும் உயர்ந்தது. அது போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் நமக்காகச் சட்டமும் சங்கமும் பேசின. நாம் தனியாளாக நின்று கேட்கவில்லை.

சொந்த வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் வருவதில்லை. அவரே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்க வேண்டும். அந்த வீட்டாரோ அவரைத் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் அழைப்பவர்கள். எனவே கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் வாய் திறவாமல் இருக்கிறார். தோட்டத்துத் தையல்காரர், முடிதிருத்துநர் ஆகியோரின் நிலையும் இதுவே.

செலவோ அவருடைய கூச்சத்தைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஒரே இரவில் உயர்ந்தது. மானிய அட்டை பெற்ற பள்ளிப் பேருந்துகளுக்கு 1.88 ரிங்கிட்டுக்கு டீசல் கிடைத்தது உண்மைதான். ஆனால், டயருக்கும் பிரேக்குக்கும் மானிய அட்டை இல்லை. போ தோட்டத்திற்குச் செல்லும் ஒடுங்கிய வளைவுப் பாதையில் ஒருமுறை பயணம் செய்தவர்களுக்கு, அவை எவ்வளவு விரைவில் தேயும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கட்டணம் உயராவிட்டால் என்ன நடக்கும்? தேய்ந்த டயர் இன்னும் சில மாதம் ஓடும். பன்னிரண்டு பேர் அமரும் இடத்தில் பதினெட்டுப் பிள்ளைகள் நெருக்கி உட்காருவார்கள். இறுதியில் அவர் சுற்றுலாப் பயணிகளையோ காய்கறிகளையோ ஏற்றப் போய்விடுவார். நாம் மிச்சப்படுத்திய சில ரிங்கிட்டுக்கு நம் பிள்ளைகளின் பாதுகாப்பு விலையாகிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கோ, ஒரு வேன் நின்றுபோவதே பேரிழப்பு.

"மூன்று பிள்ளைகளை அனுப்பும் தொழிலாளி என்ன செய்வார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் உயர்த்தும் முறை முக்கியமாகிறது. மாதக் கட்டணம் 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென 90 ரிங்கிட் கேட்டால் குடும்பம் தடுமாறும். ஆண்டுக்கு 6 ரிங்கிட் வீதம் உயர்த்தினாலும் ஐந்தாம் ஆண்டில் அதே 90 ரிங்கிட்தான். ஆனால், சுமை பழகிவிடும்.

ஓட்டுநர்களுக்கு என் வேண்டுகோள்:

1. உயர்வை மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவியுங்கள். தீபாவளிச் செலவு வரும் மாதத்தைத் தவிருங்கள்.
2. காரணத்தைக் கணக்கோடு சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம்.
3. பழைய வாடிக்கையாளருக்கு ஒரு விலை, புதியவருக்கு ஒரு விலை என்று வைக்காதீர்கள். ஒரு வீட்டில் இரண்டாம் பிள்ளைக்குச் சலுகை தரலாம்.

பெற்றோருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. உண்மையிலேயே கட்ட இயலாத குடும்பங்களைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தாங்க வேண்டும். அந்தத் தருமத்தை ஓட்டுநர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று.

வணிகம் பற்றிய குறளை வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். நடுவு நிலைமை விற்பவருக்கு மட்டும் உரியதன்று, வாங்குபவருக்கும் உரியது. நீண்ட காலப் பழக்கம் பழைய விலைக்கு உரிமைச்சீட்டாகாது. அவர் தயங்கித் தயங்கி வாசலில் நிற்கும்போது, "சொல்லுங்கண்ணே, எவ்வளவு ஏத்தணும்?" என்று நாமே முதலில் கேட்போமே!